நாற்பது ரூபாய் பால்கோவா

“நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன்” என்றார் தேவஇரக்கம். “கம்ப்ளைன்ட் எழுதிச் சட்டைப் பையில வச்சாச்சு. அதுக்குள்ள நீங்க வேற ஆளைக் காட்டுனா கிழிச்சுப் போடுதேன். இல்லன்னா வேலுசாமி உள்ள போகட்டும்.”

பத்து வருஷம் தன்னிடம் வேலை பார்த்தவனைப் பற்றிச் சொல்கிறவர் கொஞ்சமாவது குரலை உயர்த்துவார் என்றுதானே நினைப்போம்? ம்ஹூம். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்கிறவர் மாதிரி சொன்னார்.

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறியும் அஸ்ஃபியாவுக்கும் கோபமோ பரிதாபமோ வரவில்லை. அவளுக்கு எதுவுமே வந்து எட்டு மாதமாகிறது. ஜனவரியில் அவளைப் பெற்ற அத்தா மவுத்தானார். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த மறுநாளே, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கடைக்கு மேலே இருக்கும் தன் ஆபீசைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, துப்பும் கிடைக்கிறது. உப்பு புளி காரம்தான் நாக்குக்குத் தெரிவதில்லை.

அவளுக்குப் பக்கத்தில் உதவியாளர் ஐயாதுரை. ராஜபாளையம் – சங்கரன்கோவில் ரூட்டில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வாய் மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருக்கும் தேவஇரக்கம், மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் அவருக்கு இன்னொரு வீடு உண்டு. ஒரு ஆன்லைன் கம்பெனி மூலமாக, சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு இரவு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அதை விடுகிறார். அங்கே காவல், சமையல், கூட்டிப் பெருக்குவது எல்லாம் வேலுசாமி. வருகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும் அவன்தான்.

அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் போன வருஷத்து வரிக் கணக்கைக் காட்டியிருந்தார். ஐம்பத்தெட்டு இரவு, இரண்டு லட்சத்து மூவாயிரம். கம்பெனியோ மூன்று லட்சத்து இருபத்தொன்பதாயிரம் கொடுத்ததாக அரசாங்கத்துக்குச் சொல்லியிருந்தது. மிச்சத்தை ஏன் மறைத்தீர் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. நாளைக்குள் பதில் போக வேண்டும்.

அஸ்ஃபியா நோட்டீஸின் ஓரத்தில் கழித்து, வகுத்துப் பார்த்தாள். ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். சரியாக முப்பத்தாறு இரவு. பைசா மிச்சமில்லை.

“பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்திருக்கா?”

“வந்திருக்கு. ஜாயின்ட் அக்கவுண்டு. பாஸ்புக்கை நான் தொறந்தே பாக்கல.”

“யார் எந்தத் தேதியில பதிஞ்சாங்கன்னு கம்பெனி ஆப்புல இருக்குமே?”

“பாஸ்வேர்டு தெரியாது.”

“யாருக்குத் தெரியும்?”

அவர் சுவரைப் பார்த்தார். “இப்ப யாருக்கும் தெரியாது. புக்கிங் வந்தா வேலுசாமி போனுக்கு மெசேஜ் வரும். அம்புட்டுதான்.”

“திருட்டுன்னா பணம் போகணும்லா சார்?” என்றார் ஐயாதுரை. “இங்க வந்துல்லா இருக்கு.”

“பணம் கெடக்கட்டும். முப்பத்தாறு ராத்திரி எவனோ பேரு ஊரு இல்லாம என் வீட்டுல தங்கிருக்கான். யாருடான்னா, ‘நான் எழுதுனது எழுதுனதுதான் ஐயா’ங்கான். அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கான். பொண்டாட்டி புள்ளைகளோட அங்கதான் இருக்கான். காலி பண்ணச் சொல்லிட்டேன்.”

அவருடைய மனைவி எலினா டீ கொண்டுவந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

“பால் அடிப்பிடிச்சிருச்சு. வேற போடட்டுமா?”

“பரவால்லம்மா” என்றாள் அஸ்ஃபியா.

“இந்த வீட்டுல காந்தலுக்குன்னே ஒரு ஆளு இருந்துச்சு. சட்டிய வழிச்சு வழிச்சு...”

“எலினா.” தேவஇரக்கத்தின் குரல் அப்போதும் உயரவில்லை. “அவிய கணக்குப் பாக்க வந்திருக்காவ.”

எலினா டம்ளர்களை வைத்தாள். வத்திராயிருப்பில் ஜெபக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். யாரிடமும் முகம் கொடுக்கவில்லை.

வெளியே வந்ததும் அஸ்ஃபியா கேட்டாள். “யாரு அண்ணாச்சி அந்தக் காந்தல் ஆளு?”

“ஒரே மகன், ரிச்சர்ட். ரெண்டு வருஷம் முந்தி வன்னியம்பட்டி பக்கம் பைக்குல போறப்ப ஆக்சிடென்டு. இந்த வாடகைச் சமாச்சாரமெல்லாம் அந்தத் தம்பி ஆரம்பிச்சதுதானாம். பாஸ்வேர்டும் அதோட போச்சு.” ஐயாதுரை ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி, பழக்க தோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். “ரைட்!”

*

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆடிட்டர் பாண்டிச்செல்வத்தின் ஆபீஸ். அவர் ஒரு செருப்பு டப்பாவை மேஜையில் கவிழ்த்தார். ரசீதுகள் மாதவாரியாக ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தன.

“வீட்டை வெறும் வாடகைக்கு விட்டா முப்பது சதவீதம் அப்படியே கழிச்சுக்கலாம், ஒரு பில்லும் வேண்டாம்” என்றார். “இங்க சமைச்சுப் போடுதாவ, துணி மாத்துதாவ. அதனால வியாபாரம்னு காட்டிருக்கேன். வியாபாரம்னா ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேணும். வேலுசாமி இருக்கானே, ரெண்டு ரூவா தீப்பெட்டிக்கும் சீட்டு வாங்கி வச்சிருக்கான்!”

“தீப்பெட்டிக்குச் சீட்டு வாங்குறவன் ஆள மறைப்பானா?” என்றார் ஐயாதுரை. “அந்தக் கடைக்காரன் இவனைக் கண்டாலே ஷட்டரை இறக்கியிருப்பான்.”

அஸ்ஃபியா பதிவேட்டைப் புரட்டினாள். பெயர், ஊர், எத்தனை பேர், வந்த காரணம் என்று நாலு கட்டம். காரணக் கட்டத்தில் பெரும்பாலும் ஆண்டாள் தரிசனம், அருவி, கல்யாணம். ஐந்து பேர் ‘சும்மா’ என்று காரணம் சொல்லியிருந்தார்கள், அதையும் வேலுசாமி மதித்து எழுதியிருந்தான். மொத்தம் முப்பத்தொரு கூட்டம், ஐம்பத்தெட்டு இரவு.

சலவை ரசீதுகளை எண்ணினாள். துவைக்கப் போட்ட விரிப்புகள் ஐம்பத்தெட்டு இரவுக்குக் கச்சிதமாக இருந்தன. தண்ணீர் கேனும் அப்படியே.

“அந்த முப்பத்தாறு ராத்திரியும் ஒரு விரிப்பு அழுக்காகல” என்றாள். “யாரும் தூங்கவே இல்ல.”

ஐயாதுரை கண்ணாடியைக் கழற்றினார். “டிக்கெட் எடுக்காம ஏறுனவன ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன் மேடம். டிக்கெட்ட எடுத்துட்டு ஏறாதவன இப்பத்தான் பாக்கேன்.”

“சரி, இது என்ன?”

பால்கோவாக் கடைச் சீட்டுகள். வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாசலிலேயே கால் கிலோ பால்கோவா கொடுப்பது அந்த வீட்டு வழக்கம் என்றார் ஆடிட்டர். நூறு ரூபாய்ச் சீட்டு முப்பத்தொன்று இருந்தது. சரிதான். ஆனால் அவற்றோடு, மாதத்துக்கு ஒன்றாக, இன்னும் பன்னிரண்டு சீட்டு. தேதி இல்லை. தொகை மட்டும் நாற்பது ரூபாய்.

“வேலுசாமி தனக்கு வாங்கித் தின்னிருப்பான்” என்றார் பாண்டிச்செல்வம்.

“தான் தின்னதுக்குச் சீட்டு வாங்கி மொதலாளி கணக்குல குத்தி வைப்பானா? வீட்டுக்கு வந்தவங்களுக்கு வாங்குனாத்தான் இந்தக் கட்டுல வைப்பான்.” அஸ்ஃபியா பன்னிரண்டு சீட்டையும் உருவினாள். “மாசத்துக்கு ஒரு ஆள் வந்திருக்கு. மூணு ராத்திரிக்குப் பணம் கட்டியிருக்கு. வாசல்ல பால்கோவா வாங்கியிருக்கு. ஆனா தூங்கல.”

“அதுவும் நாப்பது ரூவா பால்கோவா” என்றார் ஐயாதுரை. “மூவாயிரத்தி ஐந்நூறு குடுக்கிற ஆளுக்கு!”

*

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் இருந்த கடையில் பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. மணி ஒன்றே முக்கால். கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இது காந்தல்லா! சட்டி அடியில பிடிச்சதச் சுரண்டி எடுக்கது. இதெல்லாம் விக்கிற சரக்கு இல்லம்மா. சின்னப் புள்ளைக வந்து நின்னா சும்மா குடுப்போம். வேலுசாமி அண்ணன் ஒருத்தருதான் காசு குடுத்து வாங்குவாரு. சும்மா கொண்டு போங்கண்ணேன்னாலும் கேக்க மாட்டாரு. சீட்டு வேணும்பாரு.”

“எப்ப வருவாரு?”

“மாசா மாசம் பதினாலாம் தேதி. நாங்க பால்காரவியளுக்கு மறுநா கணக்கு முடிக்கணும், அதான் ஞாபகம். இன்னைக்குக் காலம்பறயும் வந்துட்டுப் போனாரு.”

“யாருக்குன்னு சொன்னாரா?”

“வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குன்னாரு. எந்த ஊரு விருந்தாளியா காந்தல் கேட்டுத் தின்னுதாவன்னேன். மனுஷன் சிரிக்கல.”

அவர் ஒரு துண்டு இலையில் கொஞ்சம் காந்தலை வைத்து நீட்டினார். அஸ்ஃபியா வாயில் போட்டாள். இனிப்பும் தெரியவில்லை, கசப்பும் தெரியவில்லை. நல்லாருக்கு என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்ததும் ஐயாதுரை தலையைச் சொறிந்தார். “மேடம், நான் காலைல சொன்னது தப்பு. டிக்கெட்ட எடுத்துட்டு ஏறாத ஆள ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன். சங்கரன்கோவில் வண்டியில ஒரு அம்மா ரெண்டு டிக்கெட் வாங்குச்சு. பக்கத்து சீட்டுல யாரையும் உக்கார விடல. நிக்கிற கூட்டம் சத்தம் போடுது. நானும் ஏத்தமா நாலு வார்த்தை பேசிட்டேன். ‘ஆள் வரும்’ன்னு மட்டும் சொல்லுச்சு. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் ஒருத்தரும் வரல. இறங்குறப்ப எங்கிட்ட ரெண்டு டிக்கெட்டையும் காட்டிட்டுப் போச்சு.”

அஸ்ஃபியா சாவியைப் போட்டவள் அப்படியே நின்றாள்.

“அண்ணாச்சி. அந்தப் பையன் இறந்தது என்ன தேதி?”

ஐயாதுரை யோசித்தார். பிறகு, வாழ்க்கையில் அபூர்வமாக, பதில் சொல்லாமல் வண்டியில் ஏறினார். ரைட்டும் சொல்லவில்லை.

*

மலையடிவாரத்து வீட்டின் கேட்டை மறித்துக்கொண்டு வேலுசாமி நின்றான். அவன் குடியிருந்த அவுட்ஹவுஸ் வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள்.

“உள்ள விருந்தாளி இருக்காவ. இப்ப போகக் கூடாதும்மா.”

“நாலு மணிக்கு உங்க மேல கம்ப்ளைன்ட் குடுக்கப் போறாரு. தெரியுமா?”

“தெரியும்.”

“பொண்டாட்டி புள்ளைக?”

“வன்னியம்பட்டில மாமனார் வீடு இருக்கு.” அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் கேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஏலே, பெரிய ஆளுதான்யா நீ” என்றார் ஐயாதுரை. அது கேலி இல்லை.

“விடு வேலுசாமி” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஜெபக் கூட்டத்துக்கு வத்திராயிருப்பு போன எலினா, செருப்பில்லாமல் வராந்தாவில் நின்றிருந்தாள்.

பின்னறையில் ஒரு ஒற்றைக் கட்டில். வெளுத்த விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. ஜன்னலோர மேஜையில் பொட்டலம் பிரித்தபடி காந்தல். அதற்கு முன்னால் ஒரு நாற்காலி காலியாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. எலினா கட்டிலில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள்.

“நான் திங்க மாட்டேன், எனக்கு சுகர். செத்த நேரம் வச்சிருந்துட்டு வேலுசாமி புள்ளைகளுக்குக் குடுத்துருவேன்.” அவளும் புருஷனைப் போலத்தான் பேசினாள், ஏற்ற இறக்கமே இல்லாமல். “பதிமூணு அன்னைக்கு இந்தக் கட்டில்ல படுத்திருந்தான். பதினாலு காலைல கெளம்பிப் போனான். பதினஞ்சு அன்னைக்கு அடக்கம். மத்த நாள்ல யாரும் வந்து படுத்துட்டுப் போகட்டும். வீடு காலியாக் கெடந்தா கரையான் புடிக்கும்னு அவரு சொல்லிட்டாரு. இந்த மூணு நாள் மட்டும் வேற ஆள் படுக்கிறது எனக்குத் தாங்கல.”

“அவர்ட்ட சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொன்னா ஏன்னு கேப்பாரு. பதிலுக்கு நான் பேரைச் சொல்லணும். ரெண்டு வருஷமா எங்க வீட்டுல அந்தப் பேரை யாரும் சொல்லல.” எலினா விரிப்பின் ஓரத்தை நீவினாள். “ஆப்புல அந்த மூணு நாளை அடைக்கலாம்னா பாஸ்வேர்டு இல்ல. அதனால என் பென்ஷன் பணத்தைக் கட்டி, என் கூட வேலை பாத்த பொண்ணு பேருல நானே பதிஞ்சேன். வேலுசாமி மேல பழி வந்ததும் சொல்லிரணும்னுதான் இருந்தேன். நேத்தும் வாயெடுத்தேன். வரல.”

அஸ்ஃபியா வாசல் பக்கம் திரும்பினாள். “நீங்க ஏன் பதிவேட்டுல எழுதல?”

“வீட்டுக்காரம்மாவ விருந்தாளின்னு எப்படிம்மா எழுதுவேன்?” என்றான் வேலுசாமி. “என் கை எழுதாது. ஆனா வந்தவியளுக்குப் பால்கோவா குடுக்கணும்ங்கறது தம்பி வச்ச பழக்கம். அதையும் விட முடியல. செலவு பண்ணா சீட்டு வாங்கி வைக்கணும்னு சொன்னதும் தம்பிதான்.”

மணி மூன்றே கால். அஸ்ஃபியா பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தாள். “பேச வரலன்னா பரவால்லம்மா. வரிக்காரங்களுக்குப் பதில் எழுதணும்ல? எழுத்துல சொல்லிருவோம்.”

*

நாலுக்குப் பத்து நிமிஷம். தேவஇரக்கம் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

“ஆள் கிடைச்சாச்சா?”

“கிடைச்சாச்சு சார். ஸ்டேஷன் வேண்டாம். நோட்டீஸுக்குப் பதில் இது. நீங்க ஒரு தடவ வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்.”

அவர் கண்ணாடியை மாட்டினார். மில்லில் ஷிப்ட் ரிப்போர்ட் வாசித்த குரலில் ஆரம்பித்தார்.

“மேற்படி முப்பத்தாறு இரவுகளிலும் வெளியார் எவரும் தங்கவில்லை. மாதந்தோறும் பதிமூன்று, பதினான்கு, பதினைந்து தேதிகளில், என் மனைவி எலினா தம் ஓய்வூதியத்திலிருந்து பணம் செலுத்தி வீட்டைப் பதிவு செய்து, எங்கள் மகன் காலஞ்சென்ற...”

நின்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மேற்படி முப்பத்தாறு இரவுகளிலும். அதே இடத்தில் மறுபடி நின்றார். ஐயாதுரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்ஃபியா எடுத்துக் கொடுக்கவில்லை.

மூன்றாவது தடவை அவர் தாளை மடியில் வைத்துவிட்டு, பார்க்காமலே சொன்னார்.

“...எங்கள் மகன் ரிச்சர்டின் அறையைக் காலியாக வைத்திருந்தார்.”

வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. தேவஇரக்கம் தாளை மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

“மிச்சத்தை நான் சொல்றேன்” என்றாள் அஸ்ஃபியா. “இது வாடகை இல்ல, சொந்த உபயோகம். அந்த நாளுக்கான செலவையும் கணக்குலருந்து எடுத்துருதோம். அதிகாரி ஒத்துக்கிட்டா சரி, இல்லன்னா வரியைக் கட்டிருவோம். ஒளிச்ச பணம்ங்கற பேரு போயிரும். பால்கோவா பன்னெண்டு சீட்டு, நானூத்தி எண்பது ரூபாய், அதுவும் சொந்தச் செலவு.”

“காந்தலா?”

“ஆமா.”

அவர் கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து கம்ப்ளைன்ட்டை எடுத்து நாலாகக் கிழித்து, துண்டுகளை டம்ளருக்குள் போட்டார்.

“மாசா மாசம் பதினாலாம் தேதி இந்த வீட்டுல பால் அடிப்பிடிக்கும்” என்றார். “இருபத்தெட்டு வருஷம் நர்ஸா இருந்தவ, மருந்து நேரம் ஒரு நிமிஷம் தவறாதவ, பாலை விட்டுருவாளா? எனக்குத் தெரியும். கேட்டா அழுதுருவாளோன்னு நான் கேக்கல. நான் அழுதுருவேனோன்னு அவ சொல்லல போல.”

அவர் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் காலையில் குடித்த டீயின் காந்தல் ருசி அஸ்ஃபியாவின் தொண்டையில் இப்போதுதான் கசந்தது. அத்தாவின் ஞாபகம் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு, சத்தமில்லாமல் அழுதாள்.

“அந்தக் கடையில இந்நேரம் காந்தல் இருக்குமாய்யா?” என்று தேவஇரக்கம் ஐயாதுரையைக் கேட்டார்.

“இருக்கும் சார். சும்மாவே குடுப்பாவ. மேடம் ஸ்கூட்டர்ல பின்னால ஏறுங்க, நான் கொண்டுபோய் விடுதேன்.”

தேவஇரக்கம் எழுந்து செருப்பைத் தேடினார். ஒரு காலில் மாட்டிக்கொண்டே போனில் வேலுசாமியைக் கூப்பிட்டார்.

“வேலுசாமி, சாக்கையெல்லாம் அவுத்துப் போடு. நீ எங்கயும் போகாண்டாம். பொறவு அந்தப் பதிவேட்டு நோட்டை எடு. எடுத்தியா? இன்னைக்குத் தேதி போடு. பேரு, எலினா. அடுத்து என் பேரையும் எழுது. ஊரு மடவார் வளாகம். ஆமால, எழுதித்தான் ஆகணும், நான் சொல்லுதேன்லா.”

அந்தப் பக்கம் வேலுசாமி எதையோ கேட்டான். நாலாவது கட்டமாக இருக்க வேண்டும்.

“காரணமா?” தேவஇரக்கம் இன்னொரு செருப்பையும் மாட்டினார். “மகனைப் பார்க்கன்னு எழுது.”